சிறுநீரகக் கல் வந்த ஓட்டக்காரருக்கு: வலி வந்த நாளிலிருந்து அடுத்த மாரத்தான் வரை

கல் வந்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடுவது, சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலைத்தான். தக்காளியை நிறுத்துகிறார்கள், பாலை நிறுத்துகிறார்கள், வாழைத்தண்டுச் சாறு குடிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை 25 கி.மீ. ஓடிவிட்டு நண்பகல் வரை ஒரு முறைகூடச் சரியாகச் சிறுநீர் கழிக்காத பழக்கம் மட்டும் அப்படியே நீடிக்கிறது. கல்லைத் தடுக்கும் வேலையில் உணவுக் கட்டுப்பாடு நடுவில் வர வேண்டியது. அதற்கு முன் கல் எந்த வகை என்பதும், ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் வெளியேறுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான பயிற்சியோ ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் புழுக்கத்தில் தொடங்குகிறது. அப்படிப்பட்ட சூழலில் பயிற்சி செய்பவர்களை மனத்தில் வைத்தே இந்தப் படிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மருந்தைத் தேர்வு செய்வதும் அறுவை முடிவும் சிறுநீரியல் மருத்துவருடையவை. அந்த முடிவுகளுக்கு வேண்டிய தகவலைச் சேகரித்துக் கொடுப்பதும், எஞ்சிய நாட்களை ஒழுங்காக நடத்துவதும் உங்களுடையவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசியாக எடுத்த ஸ்கேன் அறிக்கை, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது), கால்சியம், யூரிக் அமிலம் ஆகியவற்றின் அளவு, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பல மருத்துவர்களைப் பார்க்க நேரும்போது ஒவ்வொருவரும் புதிய ஸ்கேன் கேட்பதற்குக் காரணம், பெரும்பாலும் பழையது கைவசம் இல்லாததுதான்.

வீட்டில் 100 கிராம் வேறுபாட்டைக் காட்டும் எடைக்கருவி, அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை, கண் நெருக்கமான தேநீர் வடிகட்டி ஆகியவை வேண்டும். இவற்றோடு, சிறுநீரின் ஒப்படர்த்தியையும் (தண்ணீரோடு ஒப்பிட அது எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பது) பி.எச். அளவையும் (அமிலமா காரமா என்பது) காட்டும் பரிசோதனைப் பட்டைகள் ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஓட்டப் பயிற்சியைக் குறித்து வைக்கும் அதே குறிப்பேட்டில் இந்த அளவுகளையும் எழுதுவது நல்லது. தூரமும் வெயிலும் சிறுநீர் அளவும் ஒரே வரியில் இருந்தால்தான் எது எதைப் பாதிக்கிறது என்பது தெரியும்.

2. வலி வந்த அன்று: ஓட்டத்தை நிறுத்துவதும் ஆபத்தை அறிவதும்

கல் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயில் இறங்கி அடைக்கும்போது, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் தொடங்கும் வலி அலை அலையாக அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். ஓட்டக்காரர்கள் இதைப் பக்கப் பிடிப்பு என்றோ தசைப் பிடிப்பு என்றோ எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தசை வலி ஏதாவதொரு நிலையில் படுத்தால் அடங்கும். கல் வலிக்கு அப்படி ஒரு நிலையே கிடைக்காது. புரண்டுகொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருக்கச் செய்யும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் இருந்தால் அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். இது அன்றே, அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. அடைப்புக்கு மேலே தேங்கிய நீரை வெளியேற்றாமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் போதாது. சிறுநீர் அறவே வராமல் போவது, ஒரே ஒரு சிறுநீரகம் மட்டும் வேலை செய்பவராக இருப்பது, கர்ப்பமாக இருப்பது, வாந்தி நிற்காமல் மருந்தே தங்காதது ஆகிய நிலைகளிலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

வலி உச்சத்தில் இருக்கும்போது கல்லைத் தள்ளிவிடலாம் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பது மிகப் பரவலான தவறு. அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடி வலிதான் அதிகமாகும். கல் விரைந்து வெளியேறுவதில்லை. தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும்.

டைக்ளோஃபெனாக் வகை வலி நிவாரணி இந்த வலிக்கு நன்றாக வேலை செய்கிறது. மருத்துவர்களும் பெரும்பாலும் அதையே முதலில் தருவார்கள். ஆனால் அன்று காலை நீண்ட தூரம் ஓடி உடல் வற்றியிருந்தால் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும். ஆகவே எவ்வளவு ஓடினீர்கள், வழியில் ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கல்லே இல்லாதவர்களுக்கும் சிறுநீர் சிவந்து போவதுண்டு. அது ஓரிரு நாட்களில், அதிகம் போனால் மூன்று நாட்களில், தானாகத் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றாலோ வலியும் சேர்ந்து இருந்தாலோ ஓட்டத்தின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

3. கல்லின் அளவையும் இடத்தையும் பார்த்தபின் பந்தயத் தேதியை முடிவு செய்தல்

கட்டணம் கட்டிய பந்தயம் ஆறு வாரத்தில் இருக்கிறது, ஓடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அறிக்கையில் இரண்டு விவரங்களைப் பாருங்கள்: கல் எத்தனை மி.மீ., சிறுநீரகத்துக்குள் இருக்கிறதா அல்லது குழாய்க்குள் இறங்கிவிட்டதா. சி.டி. ஸ்கேன் இவ்விரண்டையும் துல்லியமாகக் காட்டும். அல்ட்ராசவுண்டில் குழாயின் நடுப்பகுதியில் உள்ள சிறிய கல் தப்பிவிடக்கூடும்.

5 மி.மீ.க்கும் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரையுள்ளவற்றில் ஏறத்தாழப் பாதி வெளியேறலாம். 10 மி.மீ.க்கு மேற்பட்டது தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தொற்றும் தாங்க முடியாத வலியும் இல்லாத நிலையில் நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்க மருத்துவர் அனுமதிப்பது வழக்கம். குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள கல்லுக்கு, குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையும் தரக்கூடும்.

கல் குழாய்க்குள் இருக்கும்வரை பந்தயம் இல்லை. அடைப்பு, உடல் நீர் வற்றுதல், வலி நிவாரணி ஆகிய மூன்றும் ஒரே காலையில் சேர்ந்தால் சிறுநீரகம் நிலையாகப் பழுதடையும் வாய்ப்பு உண்டு. மெதுவாக நடப்பதற்கும், மருத்துவர் சம்மதித்தால் அரை மணி நேரம் இலேசாக ஓடுவதற்கும் தடையில்லை. கல் சிறுநீரகத்தின் உள்ளே அடைப்பின்றிச் சிறியதாக இருந்தால் பயிற்சியைத் தொடரலாம். ஆனால் அது எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நகரத்துக்குள் நடக்கும் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள். லடாக் போன்ற இடத்துப் பந்தயத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைப்பதே விவேகம்.

வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதை இந்தப் படியில் நான் காணும் மிக மோசமான தவறாகக் கருதுகிறேன். அடைப்பு நீடிக்கும்போதே வலி அடங்கிப் போவதுண்டு. அந்தச் சிறுநீரகம் ஓசையின்றிச் செயலிழந்துகொண்டிருக்கலாம். கல் கையில் கிடைத்தாலொழிய, மறு ஸ்கேன் எடுத்துக் குழாய் சுத்தமாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகே பயிற்சியின் அளவைக் கூட்ட வேண்டும்.

4. கல்லைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்புதல்

ஒவ்வொரு முறையும் வடிகட்டியின் வழியாகவே சிறுநீர் கழியுங்கள். அலுவலகத்துக்கும் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எள்ளளவு இருக்கும் பழுப்புத் துகளே கல்லாக இருக்கலாம். அதைக் கழுவி, உலர வைத்து, சுத்தமான சிறு டப்பாவில் போட்டு, அகச்சிவப்புக் கதிர் முறையில் கல்லின் சேர்மத்தைக் கண்டறியும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறுவையில் எடுக்கப்பட்ட கல் என்றால் அதன் துண்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அது குப்பைக்குப் போய்விடும்.

இந்த ஆய்வை வலியுறுத்துவதற்குக் காரணம், பின்வரும் படிகள் எல்லாம் கல்லின் வகையைப் பொறுத்து மாறுவதுதான். பெரும்பாலான கற்கள், கால்சியமும் கீரை போன்ற உணவுகளில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. யூரிக் அமிலக் கல்லோ அமிலத்தன்மை மிகுந்த சிறுநீரில் உருவாகிறது. அதை மட்டும் மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்க முடியும். கால்சியம் பாஸ்பேட் கல் இதற்கு நேர் எதிராகக் காரத்தன்மை மிகுந்தால் உருவாவது. கிருமித்தொற்றால் வரும் கல்லும், பரம்பரையாக வரும் சிஸ்டைன் கல்லும் தனி மருத்துவம் கேட்பவை. வகை தெரியாமல் ஊரார் சொல்லும் சாற்றையோ மருந்தையோ எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டுக்குச் சாவி தேடுவதைப் போன்றது.

5. ஸ்டென்ட் வைத்திருந்தால்

லேசர் மூலம் கல்லை உடைத்த பிறகு சிறுநீர்க்குழாயில் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய தற்காலிகக் குழலை வைத்து அனுப்புவது வழக்கம். அது உள்ளே இருக்கும்போது ஓடினால் அதன் கீழ்முனை சிறுநீர்ப்பையின் சுவரில் உரசி எரிச்சலும் இரத்தமும் வரும்; சிறுநீர் கழிக்கும்போது வலி விலாவரை ஏறும். நடை போதும், நிலையான மிதிவண்டியில் மெல்ல மிதிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை தூக்கும் பயிற்சியும் வேண்டாம்.

ஸ்டென்டை எடுக்கும் தேதியை மருத்துவமனையை விட்டு வரும் முன்பே எழுதி வாங்குங்கள். சிரமம் பழகிப்போய் மாதக்கணக்கில் அதை மறந்துவிட்டவர்கள் உண்டு. அதன்மேலேயே கல் படிந்து, எளிதாக எடுக்க வேண்டியது பெரிய அறுவையாக மாறிவிடும். எடுத்தபின் சிறுநீர் தெளிந்து, ஓரிரு நாள் வலியின்றி இருந்தால், பழைய வாராந்திரத் தூரத்தின் பாதியிலிருந்து தொடங்கலாம்.

6. 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு

இதைக் கல் வெளியேறி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்யுங்கள். வலியும் மருந்தும் மருத்துவமனை உணவும் கலந்த நாட்களில் எடுத்தால், உங்கள் வழக்கமான வாழ்வை அந்த எண்கள் காட்டாது.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவது அனைத்தையும், மறுநாள் அதே நேரத்து முதல் சிறுநீர் உட்பட, ஆய்வகம் தந்த கேனில் சேருங்கள். கேனில் பதப்படுத்தும் பொருள் இருக்கக்கூடும்; நேரடியாக அதில் கழிக்காமல் குவளையில் பிடித்து ஊற்றுங்கள். கன அளவு, கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம், கிரியாட்டினின், பி.எச். ஆகிய அனைத்தையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கன அளவும் கால்சியமும் மட்டும் பார்க்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன. அது பாதி வேலைதான்.

ஓட்டக்காரர் இரண்டு நாள் சேகரிக்க வேண்டும்: ஓடாத அல்லது குறைவாக ஓடும் ஒரு நாள், நெடுந்தூரம் ஓடும் ஒரு நாள். ஓய்வு நாளில் எல்லாம் இயல்பாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிறுநீர் ஒரு லிட்டருக்கும் கீழே போய், அமிலத்தன்மையும் ஏறிவிடுவது நமக்கே உரிய கோளாறு. புதன்கிழமை மட்டும் சேகரித்தால் அது கண்ணில் படாது. ஓடும்போது கழிக்க நேர்ந்தால் அதையும் ஒரு புட்டியில் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தவறும்.

சேகரிக்கும் நாளில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. பரிசோதனையில் தேர்ச்சி பெறுவார்கள். கல் மீண்டும் வரும்.

7. வியர்வையை அளந்து நீர்த் திட்டம் போடுதல்

மற்றப் படிகளைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். கல் வந்தவர்களுக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் சொல்லும் இலக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர். இது குடிக்கும் அளவன்று, வெளியேறும் அளவு. இத்தாலியில் போர்கியும் குழுவினரும் முதல் முறை கல் வந்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடித்துச் சிறுநீரின் அளவைக் கூட்டியவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கப்படி இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் மீண்டும் வந்தது. வேறு எந்த மாற்றமும் இன்றித் தண்ணீரால் மட்டுமே கிடைத்த பயன் இது.

“நான் நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கிறேனே” என்று எல்லா ஓட்டக்காரர்களும் சொல்வார்கள். அதில் எவ்வளவு தோல் வழியாகப் போகிறது என்று அளந்தவர் குறைவு. அளக்கும் முறை எளிது. ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஓடி முடித்ததும் வியர்வையைத் துடைத்து, அதே உடை அளவில் மீண்டும் எடை பாருங்கள். வழியில் குடித்ததைச் சேருங்கள். வழியில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கணக்கிலிருந்து குறையுங்கள். ஒரு கிலோ குறைவை ஒரு லிட்டராகக் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஓடும் முன் 68.0 கிலோ, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின் 65.8 கிலோ, வழியில் குடித்தது 600 மி.லி. எனக் கொள்வோம். வியர்வை 2.2 உடன் 0.6 சேர்த்து 2.8 லிட்டர், அதாவது மணிக்கு 1.4 லிட்டர். சென்னைப் புழுக்கத்தில் இது வியப்பான எண் அன்று. மூச்சிலும் தோலிலும் சாதாரணமாகப் போகும் நீரை உணவிலிருந்து கிடைக்கும் நீர் ஏறத்தாழ ஈடுகட்டிவிடும் என்று வைத்துக்கொண்டால், அந்த நாளில் 2.8 லிட்டர் வியர்வைக்கும் 2.5 லிட்டர் சிறுநீருக்குமாக ஐந்து லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். மூன்று லிட்டர் குடித்தவருடைய சிறுநீரகத்துக்கு எஞ்சியது என்ன என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

வியர்வையின் வேகம் பருவத்துக்கேற்ப மாறும். மே மாதத்தில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை அளந்து வையுங்கள்.

அடுத்தது அந்த அளவை நாள் முழுவதும் பரப்புவது. இந்த இடத்தில் எச்சரிக்கை தேவை. கல்லுக்குப் பயந்து ஓடும்போதே தாகமின்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். ஆகவே ஓடும்போது இழப்பைவிடக் குறைவாகவே குடியுங்கள். முடித்தபோது எடை சற்றுக் குறைந்திருப்பதே சரி. கல்லைத் தடுக்கும் தண்ணீரை ஓட்டத்துக்கு வெளியே உள்ள மணிநேரங்களில் குடித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டம் முடிந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குறைந்த எடையை ஈடுகட்டுங்கள். வெறும் தண்ணீராக இல்லாமல் மோர், இட்லி சாம்பார், கஞ்சி என்று உணவோடு சேர்த்துக் குடித்தால் நீர் உடலில் தங்கும். முதலில் வரும் சிறுநீர் கருமஞ்சளாக இருப்பது இயல்பு. அடுத்ததும் அப்படியே இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். பிற்பகலில் மணிக்கு ஒரு தம்ளர், படுக்கும் முன் ஒரு தம்ளர், இரவில் எழுந்தால் இன்னொன்று. இரவுத் தண்ணீரைத் தூக்கம் கெடும் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் நீண்ட நேரம் குடிக்காமல் இருக்கும் அந்த வேளையில்தான் சிறுநீர் மிகவும் அடர்கிறது.

சரிபார்க்க வாரம் இரு நாள் குவளையில் அளந்து கூட்டுங்கள். மற்ற நாட்களில் பட்டை போதும். ஒப்படர்த்தி 1.010க்குக் கீழே இருப்பது இலக்கு. காலையில் 1.020க்கு மேல் காட்டினால் முந்தைய நாளின் கடன் இன்னும் அடையவில்லை என்று பொருள். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறம் ஏமாற்றும். அவர்கள் பட்டையை மட்டும் நம்பட்டும்.

8. உப்பு: ஓடும் நாளுக்கு ஒன்று, ஓய்வு நாளுக்கு வேறு

சிறுநீரில் சோடியம் கூடினால் கால்சியமும் கூடவே அதிகமாக வெளியேறும். கல்லுக்கு அதுவே மூலப்பொருள். ஆகவே கல் வந்தவர்கள் நாளுக்கு 5 முதல் 6 கிராம் உப்போடு நிற்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வியர்வையின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்கும் மேல் சோடியம் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்பிட்ட மோரோ எடுப்பதில் தவறில்லை, தேவையும்கூட.

ஓடும் நாளின் பழக்கத்தை ஓய்வு நாளுக்கும் நீட்டிப்பதில்தான் தவறு நிகழ்கிறது. உப்பு மாத்திரையை ‘தெம்புக்காக’ அன்றாடம் போடுவதும், ஓடாத நாளிலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று தட்டை நிரப்புவதும் வேண்டாம். 24 மணி நேரப் பரிசோதனையில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்: 100 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 6 கிராம் உப்பு. வியர்வையில் நிறைய இழந்த நாளிலும் அது 200ஐத் தாண்டினால், நீங்கள் ஈடுகட்டவில்லை, மிதமிஞ்சி எடுக்கிறீர்கள்.

9. உணவு: எதை விடுவது, எதை விடக் கூடாது

பாலையும் தயிரையும் விடக் கூடாது. கால்சியம் கல் என்றால் கால்சியத்தை நிறுத்துவது பொருத்தமாகத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் தங்கு தடையின்றி உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு வந்து சேர்கிறது. அதே போர்கி குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரில் கால்சியம் அதிகமாக இருந்து மீண்டும் மீண்டும் கல் வந்த ஆண்களில், கால்சியம் குறைத்து உண்டவர்களைவிட, கால்சியத்தை இயல்பாக வைத்து உப்பையும் புலாலையும் குறைத்தவர்களுக்குக் கல் திரும்ப வந்தது ஏறத்தாழப் பாதி அளவே. நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் உணவிலிருந்து வர வேண்டும். கீரையும் தயிரும் ஒரே வேளையில் சேரக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். கல் வந்தவருக்கு அவை ஒரே வேளையில் சேருவதுதான் நல்லது.

ஆக்சலேட் மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டும். ஓட்டக்காரர்கள் உடல்நலத்தில் அக்கறை வந்ததும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் மூன்று பொருட்கள் அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது ஒரு முரண்: பாலக் கீரை அரைத்த பச்சைச் சாறு, கைநிறைய பாதாம், பந்தய நேரத்தைக் குறைக்கும் என்று குடிக்கும் பீட்ரூட் சாறு. தண்டுக்கீரை வகைகள், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கோகோ, கடும் கறுப்புத் தேநீர் ஆகியவற்றையும் அளவோடு வையுங்கள். கீரையை வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட் ஓரளவு குறையும். தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான். ரசத்தை விட வேண்டியதில்லை.

வைட்டமின் சி மாத்திரை உடலில் ஆக்சலேட்டாக மாறும். சளி பிடிக்காமல் இருக்க 1,000 மி.கி. மாத்திரையை நாள்தோறும் போடுபவர்கள் நிறுத்தலாம். நீரில் கரையும் எலக்ட்ரோலைட் வில்லைகள் சிலவற்றிலும் அது இருக்கும்; உறையைப் படியுங்கள்.

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றின் புரதம் சிறுநீரை அமிலமாக்கி, கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட்டைக் குறைக்கிறது. பாலில் இருந்து எடுத்த புரதப் பொடியையும் அக்கணக்கில் சேருங்கள். விலங்குப் புரதம் எடை கிலோவுக்கு ஒரு கிராமுக்குள் இருக்கட்டும். பயிற்சிக்குக் கூடுதலாக வேண்டியதைப் பருப்பும் பயறும் தரட்டும்.

10. சிட்ரேட்டும் நாட்டு மருந்தும்

சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து, அது ஆக்சலேட்டோடு சேர்ந்து படிகமாவதைத் தடுக்கிறது. எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டைக் கூட்டும். நாளுக்கு இரண்டு மூன்று பழங்களின் சாற்றைத் தண்ணீரில் பிரித்துக் குடிக்கலாம், சர்க்கரையும் உப்பும் அள்ளிப் போடாமல். இளநீரும் உதவும். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மட்டும் பொட்டாசியத்தின் காரணமாக இளநீருக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். பரிசோதனையில் சிட்ரேட் மிகவும் குறைந்திருந்தால் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து தருவார்கள். கால்சியம் பாஸ்பேட் கல் உள்ளவர் அதை எடுத்தால் சிறுநீர் மேலும் காரமாகக்கூடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் புட்டியைக் கடன் வாங்காதீர்கள்.

வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடிப்பவர்களைத் தடுக்க மாட்டேன். கூடவே ஒரு தம்ளர் நீர் உள்ளே போகிறது. கால்சியம் ஆக்சலேட் கல்லை அவை கரைத்துவிடும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதைத்தான் ஏற்க முடியாது. பீருக்கு இந்தச் சலுகையும் இல்லை. அது யூரிக் அமிலத்தைக் கூட்டும், மறுநாள் காலை உடலை வற்றவும் வைக்கும்.

11. பந்தய வாரமும் பந்தய நாளும்

கடைசி மூன்று நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டும்போது உப்பு நொறுக்குத் தீனியால் கூட்டாதீர்கள். சோறு, இட்லி, வாழைப்பழம் போதும். முந்தைய நாள் ஒப்படர்த்தி 1.015க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அன்றிரவே பத்துத் தம்ளர் குடித்துச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

பந்தயத்துக்கு முன்னும் இடையிலும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் வேண்டாம். 80 கி.மீ. மிகைதூர ஓட்டத்தில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் கடும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி காணப்பட்டது. கல் வந்த சிறுநீரகத்தை அந்தச் சோதனைக்கு உட்படுத்தக் காரணமே இல்லை.

மலைப்பகுதிப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் உயர நோய்க்காக எடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அது சிறுநீரைக் காரமாக்கிச் சிட்ரேட்டைக் குறைப்பது. நீண்ட நாள் எடுத்தால் கால்சியம் பாஸ்பேட் கல்லுக்கு வழி வகுக்கும். அங்குள்ள வறண்ட காற்றில் வியர்ப்பது தெரியாமலே நீர் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு, பேருந்து ஏறி, மாலையில்தான் கழிவறைக்குப் போவது பலருக்கு வழக்கம். இறுதிக்கோட்டைக் கடந்த மூன்று மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்திருக்க வேண்டும். பயணம் இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீரும் உணவும் பையில் இருக்கட்டும்.

12. அதன் பிறகு

உணவிலும் மருந்திலும் செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்பதை ஆறு மாதத்துக்குள் மறுபடி 24 மணி நேரச் சேகரிப்பால் பாருங்கள். பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை போதும். புதிய கல் முளைத்திருக்கிறதா என்று அறிய ஆண்டுக்கு ஒரு அல்ட்ராசவுண்டு எடுங்கள். கதிர்வீச்சு இல்லாததால் இதற்கு அதுவே ஏற்றது. இரத்தக் கால்சியம் ஒரு முறை உயர்ந்து காணப்பட்டாலும் இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தச் சுரப்பியின் கோளாறு இருந்தால் எவ்வளவு தண்ணீர் குடித்தும் கல் வருவது நிற்காது.

மறு பரிசோதனையைக் குளிர்ந்த ஜனவரியில் வைத்துக்கொள்ளாமல் பயிற்சி உச்சத்தில் இருக்கும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வையுங்கள். நீர்த் திட்டம் தோற்பதாக இருந்தால் அந்த மாதங்களில்தான் தோற்கும். அப்போதே தெரிந்தால் பந்தயத்துக்குள் திருத்தவும் நேரம் இருக்கும்.